ஆறு கீறல்களின் ஆழம்

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. முந்தைய மாலை பிடித்த மழை விடியற்காலையில் சற்றே ஓய்ந்து, காலை எட்டு மணிக்கு மீண்டும் தூறலாக இறங்கியிருந்தது. வானம் விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே சாம்பல் நிறம். ஒரகடத்துத் தேநீர்க் கடைகளில் செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கம்பெனிப் பேருந்துகள் சேற்றைப் பிளந்துகொண்டு வந்து, தொழிலாளரை வாயில்தோறும் இறக்கிவிட்டுச் சென்றன.

அவ்வாறு இறங்கியவர்களுள் செல்வலட்சுமியும் ஒருத்தி. அகவை முப்பத்தொன்று. சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இப்பக்கம் வந்தவள். முதலில் சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி பூட்டும் வரிசையில் நின்றாள்; பின்னர் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் இந்தச் சிறு தொழிற்சாலையில் தரப் பரிசோதகரானாள். தங்குவது பென்னலூரில் ஒரு வாடகை அறை. அவள் அளந்து எழுதிய எண்ணை மறுமுறை அளக்க எவரும் மெனக்கெடுவதில்லை என்பது அத்தொழிற்சாலையில் அனைவரும் அறிந்த செய்தி. அப்பெயரை அவள் எளிதில் ஈட்டவில்லை. ஆகையால் அதனை எளிதில் இழக்கவும் அவள் விரும்பவில்லை.

அன்றைய தினம் அவளுக்குச் சிறப்பு நாள். பதினோரு மணிக்குப் பாராட்டு விழா. அதன் காரணத்தை இங்கே கூறிவிடுதல் நன்று.

சென்ற ஆனி மாதம் தொட்டு அத்தொழிற்சாலையில் செம்புக் கலவைத் தகட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவே உள்ள ஒரு கிண்ணம் செய்யப்பட்டு வந்தது. வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. அடியில் 'விளையாட்டுத் துறை உறுப்பு' என்று ஒரு வரி. கிண்ணத்தின் வாய்ப்புறத்தில், உட்சுவரில், சம இடைவெளியில் ஆறு கீறல்கள் விழவேண்டும். ஒவ்வொன்றின் ஆழமும் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் பன்னிரண்டு. ஆனால் கீறல் போடும் அச்சு முதல் இருநூறு கிண்ணங்களுக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. அதற்குப்பின் ஆழம் பத்தாகி, ஏழாகி, ஐந்நூறாவது கிண்ணத்தில் நான்கில் வந்து நிற்கும். ஆகஸ்டு மாதத்தில் செல்வலட்சுமி பதினெட்டாயிரம் கிண்ணங்களை, குறைப்பொருள் போடும் சிவப்புத் தொட்டிக்குத் தள்ளினாள். முதலாளி தலையில் கை வைத்தார்.

தள்ளியதோடு அவள் நிற்கவில்லை. உணவு இடைவேளையில் அச்சினருகே அமர்ந்து உற்றுநோக்கி, அதன் ஆறு பற்களுக்கும் இடையே செம்புத் துகள் அப்பிக்கொள்வதைக் கண்டுபிடித்தாள். இருநூறு கிண்ணத்துக்கு ஒருமுறை, விளக்கெண்ணெய் தொட்ட பல் துலக்கும் பிரஷ்ஷால் அச்சைத் தேய்த்துவிட வேண்டும் என்று கைசன் தாளில் எழுதிக் கொடுத்தாள். வேலையைத் திருத்துவதற்குத் தொழிலாளர் எழுதித் தரும் யோசனைக்கு அங்கே கைசன் என்று பெயர்.

உற்பத்தி மேற்பார்வையாளர் அப்பாவு அத்தாளைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஒரகடத்தையடுத்த ஊர்க்காரர். தம் குடும்பத்தார் நெல் விளைத்த நிலத்தின் மேலேயே இப்போது சூப்பர்வைசராக நடப்பவர்.

"இன்னாம்மா இது? வவுத்து வலிக்குக் குடிக்கிற எண்ணெய மிசினுக்குத் தடவச் சொல்றே?"

"பல்லு வெளக்குத மாரி தேச்சு விட்டாப் போதும் அண்ணே."

"பல்லு வெளக்கி வுடணும். அப்பால இட்லி வேற ஊட்டணுமா?"

சிரித்தாரே தவிர, அன்றே செய்து பார்த்தார். ஐந்நூறாவது கிண்ணத்திலும் பன்னிரண்டு. ஐயாயிரமாவதிலும் பன்னிரண்டு. அன்றுமுதல் அது வேலை விதிமுறைத் தாளில் ஏறியது; 'செல்வி முறை' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. கைசன் பலகையில் அவளுடைய புகைப்படம் ஒட்டப்பட்டது.

விழாவுக்கு, கிண்ணங்களை வாங்கும் நிறுவனத்திலிருந்து தரப் பிரதிநிதி புருஷோத்தமன் வந்திருந்தார். அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர், நறுக்கென்று பேசுபவர். செல்வலட்சுமியிடம் ஒரு ஹாட்பாக்ஸும் சான்றிதழும் கொடுத்தபின், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியை எடுத்து எல்லாரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். உள்ளே இரண்டு உலோகக் கட்டிகள்.

"இது ஆகஸ்டுக்கு முன்னாடி. இது அப்புறம். வித்தியாசத்தைப் பாருங்க."

முதற்கட்டி செம்புத் தோல் பிரியாமல், மூக்கு நுனி மட்டும் நசுங்கிய ஈயத்துண்டு. இரண்டாவதிலோ செம்புத் தோல் ஆறு பட்டைகளாகப் பிரிந்து, ஒழுங்காகப் பின்னோக்கி மடங்கியிருந்தது. நடுவில் ஈயம் காளானைப்போல் விரிந்திருந்தது. ஆறு பட்டைகளும் ஒரே அகலம், ஒரே நீளம்.

"ஏ செல்வி, உன் வாழப்பயம் எப்டி உரிஞ்சிகினு கீது பாரேன்!" என்றாள் கனகம். அவள் பக்கத்து இயந்திரத்துக்காரி. செல்வலட்சுமியின் நெருங்கிய தோழி. எல்லாரும் சிரித்தனர். செல்வலட்சுமியும் சிரித்தாள். தன் கைவேலை இத்துணை ஒழுங்காக இருக்கக் கண்டால் எவருக்கும் உள்ளம் பூரிக்கத்தானே செய்யும்?

"எதுக்குள்ள சார் போயி இப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஜெல்லுக்குள்ள. உடம்புச் சதை மாதிரியே கெட்டியா ஒரு ஜெல் செய்வாங்கம்மா. அதுல சுட்டுப் பார்ப்பாங்க."

கைதட்டல் தொடர்ந்தது. அக்கைதட்டலுக்கு நடுவில் செல்வலட்சுமியின் சிரிப்பு மட்டும் நின்றுபோயிற்று. அது துப்பாக்கிக் குண்டின் மேலுறை என்பதை அங்கு எவரும் மறைக்கவில்லை; எவரும் சொல்லவுமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவள் ஆழத்தைக் கேட்டாளேயொழிய, பொருளைக் கேட்டாளில்லை.

உணவு வேளையில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எதிரே அமர்ந்திருந்த கனகத்தின் இடது உள்ளங்கையில் ஒரு வெண்புள்ளி. புறங்கையில் அதற்கு நேராக இன்னொரு வெண்புள்ளி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அழுத்து இயந்திரத்திலிருந்து தெறித்த கம்பி ஒருபுறம் புகுந்து மறுபுறம் வந்த தடம் அது.

"கனகம், அன்னைக்கு டாக்டர் என்னட்டீ சொன்னாரு?"

"இன்னா திடீர்னு? நேராப் பூந்து நேரா வந்துட்ச்சு, அதனால தப்பிச்சே, உள்ள திரும்பியிருந்தா கைய எட்த்திருப்பேன்னாரு. பத்து நாள்ல சோறு பெசஞ்சேனே! சாப்புடு, ஆறிப் போவுது."

செல்வலட்சுமி சாப்பிடவில்லை. எழுந்து கைகழுவிவிட்டு, சரக்கு அனுப்பும் பகுதிக்குச் சென்றாள். அன்று மாலை போகவேண்டிய எண்பதாயிரம் கிண்ணங்கள் இருபத்துநான்கு பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 'வேட்டை, விளையாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பச்சைச் சீட்டு ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பது வழக்கம். அன்று ஒரு பெட்டியிலும் அது இல்லை.

"பச்ச ஸ்டிக்கர் எங்க அண்ணே?"

"இந்த லாட்டுக்கு வாணாம்னு மெயில் வந்துகீது" என்றார் அப்பாவு, தலை நிமிராமல்.

அவள் நேரே கூட்ட அறைக்குப் போனாள். புருஷோத்தமன் தனியாக அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். ஸ்டிக்கர் இல்லாட்டி என்னா? எல்லாம் ஒரே குண்டுதான?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கேட்டதற்கு விடை சொல்லாமல் விடுவது அவர் இயல்பன்று.

"குண்டு ஒண்ணுதான். சட்டம் ரெண்டு. ஐரோப்பாவுல ஹேக்குன்னு ஒரு நகரம். 1899-ல நாடுகள்லாம் அங்க கூடி ஒரு பிரகடனம் எழுதினாங்க. போர்ல, மனுஷ உடம்புக்குள்ள சுலபமா விரியற, தட்டையாகற குண்டைச் சுடக் கூடாது. ஈயத்தை உறை முழுசா மூடாத குண்டு, உறையில கீறல் போட்ட குண்டுன்னு உதாரணமே குடுத்திருக்காங்க."

"கீறல் போட்டதுன்னா… நாம போடுதோமே, அதா?"

"அதேதான்."

"கூடாதுன்னா பெறகு ஏன் சார் செய்யச் சொல்லுதீய?"

"கூடாதுங்கறது போருக்கு. வேட்டையில இதுதான் முறை. மிருகம் ரொம்ப நேரம் துடிக்கக் கூடாதுன்னு. போலீசுக்கும் பல நாட்டுல அனுமதி இருக்கு. ஒருத்தனைத் துளைச்சுட்டுப் பின்னால நிக்கறவன் மேல பாயக் கூடாதில்ல? இன்னொண்ணு கேளு. முனையில சின்ன ஓட்டை இருக்கற குண்டு ஒண்ணு உண்டு. ஓட்டை விரியறதுக்கில்ல, குறி தப்பாம நேராப் போறதுக்கு. அதனால போருக்கு ஆகும்னு சில நாட்டு ராணுவ வக்கீலுங்க எழுதிக் குடுத்திருக்காங்க. மத்தவங்க ஒத்துக்கல. வெளியில வச்சுப் பார்த்தா அதுவும் நம்மதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே கீறல் இருக்கா, எவ்வளவு ஆழம், அங்கதான் வழக்கே."

செல்வலட்சுமி மெல்லக் கேட்டாள்: "ஆகஸ்டுல நான் தள்ளுன பதினெட்டாயிரமும்?"

"அது நாலு, அஞ்சு ஆழம்தானே? விரியாது. பார்த்தியே, மூக்குதான் நசுங்குது. அதைப் போருக்கு ஆகும்னு ஒரு வக்கீல் வாதாடலாம். இதை வச்சு ஒருத்தனும் வாதாட முடியாது."

நான்குக்கும் பன்னிரண்டுக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அந்த மயிரளவை ஒரு பல் பிரஷ்ஷும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் கொண்டு கடந்து சென்றவள் தானே என்பதை அவள் உணர்ந்தாள். எண்பதாயிரம் கிண்ணங்களும் அவள் கையொப்பத்தோடு பெட்டிக்குள் இருந்தன.

"இந்த லாட்டு எங்க சார் போவுது?"

"ஒரு வியாபாரக் கம்பெனிக்கு. அங்கேருந்து மறு ஏற்றுமதி."

"எந்த ஊருக்கு?"

"அது நம்ம காகிதத்துல வராதும்மா. உங்க கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கு, எங்களுக்கும் இருக்கு. இந்த ரூம்ல இருக்கற யாரும் எந்தத் தப்பும் பண்ணல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்கத்தா பக்கத்துல டம்டம்னு ஒரு ஊர். வெள்ளைக்காரன் காலத்துல அங்க இருந்த தொழிற்சாலையில இந்த மாதிரிக் குண்டு செஞ்சாங்க. இன்னைக்கும் உலகம் பூரா இதுக்கு அந்த ஊர் பேர்தான்."

"அங்கன வேல பாத்தவங்க பேரு?"

"அது யாருக்கும்மா தெரியும்?"

பிற்பகல் மூன்றே முக்கால் மணி. பெட்டிகளை ஏற்றிச்செல்லும் லாரி வாயிலில் வந்து நின்றது. செல்வலட்சுமியிடம் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று. குறை கண்ட சரக்கின்மேல் எந்தப் பரிசோதகரும் சிவப்பு ஹோல்டு அட்டையைத் தொங்கவிடலாம். காரணம் தீரும்வரை அச்சரக்கு வாயிலைத் தாண்டக்கூடாது. முதலாளியே வந்து கேட்டாலும் கூடாது. அவள் அட்டையை எடுத்துப் பெட்டியடுக்கின்மேல் மாட்டினாள். ஆனால் காரணம் எழுத எட்டு எண்களே அச்சிடப்பட்டிருந்தன. அளவுப் பிழை, பிசிறு, சிராய்ப்பு, நசுங்கல், கறை, கலப்படம், எண்ணிக்கை, பொதிவு. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். அவளுடைய காரணத்துக்கு எண் இல்லை.

பேனா ஈரக்காற்றில் விக்கிற்று. உதறிவிட்டு, 'ஒன்று' என்று எழுதினாள். அளவுப் பிழை. ஒன்பது ஆண்டுகளில் அவள் எழுதிய முதற் பொய் அது.

கால்மணி நேரத்தில் அப்பாவு வந்துவிட்டார்; பின்னாலேயே புருஷோத்தமனும்.

"செல்வி, இன்னா நெனச்சிகினு கீறே? வண்டி வந்து நிக்குது."

"ஆழம் வரல அண்ணே."

"காலைல தானே ஓகே போட்டே?"

"இப்ப வரல."

அவர் வாதாடவில்லை. ஐந்து பெட்டிகளைத் தாமே தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிண்ணத்தை எடுத்து நீளவாக்கில் அறுத்தார். பொருளின் நிழலை ஐம்பது மடங்கு பெருக்கித் திரையில் காட்டும் கருவியின்முன் ஒவ்வொன்றாக வைத்தார். செல்வலட்சுமி அருகிலேயே நின்றாள். ஒன்றாவது தவறாக இருந்துவிடக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு கிண்ணத்தில் ஒரு கீறல் போதும்.

"பன்னண்டு" என்றார் அப்பாவு. அடுத்ததை வைத்தார். "பன்னண்டு. இதுவும் பன்னண்டு."

நான்காவதும் ஐந்தாவதும் அவ்வாறே. ஐந்து கிண்ணங்கள், முப்பது கீறல்கள். ஒன்றேனும் பிசகவில்லை. அவள் முறை அத்துணை செம்மையானது.

"அளவு சரிதான் அண்ணே" என்றாள் செல்வலட்சுமி. "சரியா இருக்கதுதான் கொறை. சரியா இருக்கப்போய்த்தான் அது உள்ளபோய் விரியுது. ஸ்டிக்கர் வேற இல்ல. எங்க போவுதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல."

அப்பாவு அட்டையைக் கையில் எடுத்து, எட்டுக் காரணங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தேடினார்.

"நீ சொல்றதுக்கு இதுல கோடு இல்லியேம்மா."

"அப்ப நீங்களே ஒண்ணு எழுதுங்க."

"நானா? ஃபாரத்துல கட்டமே இல்லாத எடத்துல நான் இன்னாத்த எய்தறது?"

அவர் புருஷோத்தமன் பக்கம் திரும்பினார். "லென்ஸுல ஈரம் பூத்துகினு இர்ந்துச்சு சார். மழ பேயுதில்ல? அதான் கொறச்சுக் காட்டிட்ச்சு. பொண்ணு மேல தப்பில்ல."

"ஈரம் இல்ல சார்" என்றாள் அவள்.

புருஷோத்தமன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பின்பு குனிந்து, தம் குறிப்பேட்டில் 'லென்ஸ் ஈரம், மறு அளவீடு சரி' என்று எழுதினார்.

அவர் அகன்றபின் அப்பாவு தாழ்ந்த குரலில் சொன்னார்: "பொய் அளவு எய்தினேன்னு போனா நாளைக்கு உன்ன கேட்டுக்குள்ள வுட மாட்டான். அதுக்குத்தான் சொன்னேன். கோச்சுக்காதே."

அவள் கோபிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவேனும் ஓர் ஆள் வேண்டுமல்லவா? அப்பாவு நல்லவர். புருஷோத்தமனும் ஒளிக்காமல் பேசியவர். அவர்களுள் ஒருவர் தீயவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

ஹோல்டு அட்டையை விடுவிக்க, அதனை மாட்டியவரே கையொப்பமிட வேண்டும். அப்பாவு பேனாவை நீட்டினார்.

"போட மாட்டேன் அண்ணே."

"செல்வி…"

"கையெழுத்து எனக்கு உள்ளது. நான் போட மாட்டேன்."

அவர் பெருமூச்செறிந்தார். அட்டையின் பின்பக்கத்தில் அதற்கும் ஒரு வழி அச்சிடப்பட்டிருந்தது: 'மாட்டியவர் பணியில் இல்லாதபோது மேற்பார்வையாளர் ஒப்பம்.' அந்தக் கட்டத்தில் அப்பாவு, 'பணியில் இல்லை' என்று எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை செல்வலட்சுமி இரண்டடி தொலைவில் நின்று, அந்த இரண்டு சொற்களும் எழுத்து எழுத்தாக உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஒப்பமிட்டதும் அவர் அட்டையைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

ஃபோர்க்லிஃப்ட் வண்டி முதல் அடுக்கைத் தூக்கிற்று. அப்போது அவள் தானறியாமலே நடந்து சென்று, லாரிக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் இடையே நின்றாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளே அறியாள். ஓட்டுநர் அவள் எதையோ எண்ணிப்பார்க்க வந்திருக்கிறாள் என்று கருதி, மரியாதையாக ஒருமுறை ஹாரன் அடித்தார். அவ்வளவே. அவளுடைய கால்கள் தாமே இரண்டடி பின்வாங்கி, தரையில் தீட்டியிருந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் ஒட்டி நின்றன. ஹாரன் கேட்டால் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில் என்று ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் பயிற்றுவிக்கப்பட்ட கால்கள் அவை. அவற்றை மீண்டும் முன்னே வைக்க அவள் முயன்றாள். முதலடுக்கு ஏறிற்று. இரண்டாவது ஏறிற்று. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கனகம் முதுகில் கைவைத்தாள். "பஸ்ஸு பூடும், வா. இன்னா ஆச்சு ஒனக்கு? முகமே செத்துப் போச்சு."

"ஒண்ணுமில்லட்டீ."

"பிரைஸு வாங்கின அன்னிக்கு இப்டியா மூஞ்ச வச்சிக்குவாங்க? ஹாட்பாக்ஸ எங்க வச்சே? வுட்டா எவளாவது அடிச்சிகினு பூடுவா."

தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். காவலாளி சுப்பிரமணி குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிகளை எண்ணினார். இருபத்துநான்கும் சரியாக இருந்தன. தடுப்புக் கம்பம் உயர்ந்தது. லாரி சேற்றில் ஒருமுறை சறுக்கியபோது அவள் மூச்சுப் பிடித்துப் பார்த்தாள். ஆனால் சக்கரம் உடனே பிடிமானம் கொண்டு, சிங்கப்பெருமாள்கோவில் சாலையை நோக்கித் திரும்பியது. மழைத்திரைக்குள் அதன் பின்விளக்குகள் இரண்டும் ஒன்றாகித் தேய்ந்து மறைந்தன. சுப்பிரமணி நனைந்த விரலைச் சட்டையில் துடைத்து, பதிவேட்டில் வெளியேறிய நேரத்தைக் குறித்தார்: மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.